காவல் கூலி பிறந்த கதை

1672-ஆம் ஆண்டின் கோடையில் ஆம்ஸ்டர்டாம் நகரம் தூக்கத்தைத் தொலைத்திருந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை யூட்ரெக்ட் வரை வந்துவிட்டது. அடுத்தது தங்கள் ஊர்தான் என்று அஞ்சிய வணிகர்கள் நகர மண்டபத்துக்கு ஓடினார்கள். அங்கே இயங்கிவந்த ஆம்ஸ்டர்டாம் வங்கியின் பெட்டகத்தில்தான் அவர்கள் ஒப்படைத்த வெள்ளியும் தங்கமும் இருந்தன. உண்மையிலேயே இருந்தனவா என்பதுதான் அன்றைக்கு அத்தனை பேர் நெஞ்சையும் அடைத்த கேள்வி.

வங்கி தயங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணிக் கொடுத்தது. அப்படி வெளியே வந்த காசுகளில் சில கருகிக் கிடந்தன. வங்கி முதலில் குடியிருந்த பழைய நகர மண்டபம் 1652-ல் எரிந்தபோது பட்ட சூடு அது. இருபது ஆண்டுகளாக அந்தக் காசுகள் வைத்தது வைத்தபடி இருந்திருக்கின்றன. பின்னாளில் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இந்தக் கருகிய காசுகளை மறக்காமல் எழுதிவைத்தார். ஆயிரம் உறுதிமொழிகள் தராத நம்பிக்கையை ஒரு தீத்தழும்பு தந்துவிட்டது. நம்பிக்கை வந்ததும் உலோகமும் வந்து குவிந்தது. குவிந்ததைக் காக்கும் செலவை யார் தலையில் கட்டுவது?

1683-ல் வங்கி விடை கண்டது. உலோகம் கொண்டுவருபவருக்குக் கணக்கில் வரவு, கையில் ஒரு ரசீது. ஆறு மாதத்துக்குள் வந்து, வாங்கிய வரவைத் திருப்பிக் கொடுத்தால் உலோகத்தை மீட்டுக்கொள்ளலாம். அதற்குக் கூலி வெள்ளிக்குக் கால் சதவீதம், தங்கத்துக்கு அரை சதவீதம். கட்டத் தவறினால் உலோகம் வங்கிக்கே சொந்தம். 1776-ல் வெளிவந்த தன் நூலில் ஸ்மித் இதைக் கிடங்கு வாடகை போன்றது என்றார். தங்கத்துக்கு மட்டும் ஏன் இரண்டு பங்கு என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: தங்கத்தின் மாற்றுப் பார்ப்பது கடினம், அதில் மோசடி செய்வது எளிது. ஆண்டுதோறும் புதிதாகப் பதவியேற்கும் நகரத் தலைவர்கள் பெட்டகத்தைப் பார்வையிட்டு, கணக்கேட்டோடு ஒப்பிட்டு, சத்தியம் செய்து பொறுப்பேற்றார்கள். இதைவிடப் பத்திரமான இடம் பூமியில் இல்லை என்று ஐரோப்பாவே நம்பியது. நம்பிக்கொண்டிருந்த அதே வேளையில், பெட்டகத்துக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

வங்கி ரகசியமாகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. கடன் வாங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1780-ல் இங்கிலாந்தோடு மூண்ட போரில் அந்தக் கம்பெனி நொறுங்கியது. 1781-ல் நாகப்பட்டினம் கோட்டை அதன் கையைவிட்டுப் போனதும் அந்தப் போரில்தான். கப்பலும் கோட்டையும் போன பிறகு கடன் எங்கிருந்து திரும்பும்? 1790-களில் உண்மை வெளியே வந்தது. 1819-ல் வங்கி மூடப்பட்டது. கூலி கொடுத்தவர்கள் ஒழுங்காகக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்க்க வேண்டியவர்களோ காவல்காரரின் சொந்தக்காரர்களாக இருந்துவிட்டார்கள். இந்தப் பாடம் இன்னொரு கண்டத்தில், இன்னொரு வேடத்தில் திரும்பி வந்தது. வருவதற்கு முன்னால், அந்தக் கண்டத்தில் தங்கம் வைத்திருப்பதே குற்றமாக மாறியது.

1933 ஏப்ரல் 5. அமெரிக்கா பெருமந்தத்தில் மூழ்கிக் கிடந்தது. குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பொதுமக்கள் தங்கள் தங்கக் காசுகளையும் கட்டிகளையும் மே 1-க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அவுன்சுக்கு 20.67 டாலர் கிடைக்கும். நகைக்கும், அரிய காசுகளுக்கும், ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள தங்கக் காசுகளுக்கும் விலக்கு உண்டு. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த ஆண்டே அரசு அவுன்ஸ் விலையை 35 டாலராக உயர்த்தியது. திரட்டிய தங்கத்தைக் காக்க கென்டக்கி மாநிலத்தில் ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகம் எழுந்தது. சாதாரண அமெரிக்கரின் சேமிப்பிலிருந்து தங்கம் துடைத்தெடுக்கப்பட்டது. முதுமைக்கு அவர் நம்பியிருந்தது முதலாளி தரப்போகும் ஓய்வூதியத்தை. அந்த நம்பிக்கை உடைந்த இடம் ஒரு கார் தொழிற்சாலை.

ஸ்டூடிபேக்கர் என்பது 1852-ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கி, காருக்கு மாறி, நூறு ஆண்டுகளைக் கடந்த நிறுவனம். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரமே அதை நம்பித்தான் உலை வைத்தது. 1963 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில், அங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஓய்வூதிய நிதியைத் திறந்து பார்த்தபோது, கொடுத்த வாக்குக்கு ஈடான பணம் அதில் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முழுத் தொகை கிடைத்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 4,000 பேருக்கு அவர்களுக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் மட்டுமே. அதற்கும் இளையவர்களுக்கு எதுவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அவர்களின் கண்ணீர் வாஷிங்டனைச் சென்றடையப் பதினோரு ஆண்டுகள் ஆயின. சென்றடைந்த நேரமோ விசித்திரமானது.

1974 ஆகஸ்ட் 9-ல் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகினார். ஜெரால்டு ஃபோர்டு குடியரசுத் தலைவரானார். ஐந்தே நாளில், ஆகஸ்ட் 14-ல், அவர் முன் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கர்கள் மீண்டும் தங்கம் வைத்திருக்கலாம் என்றது அது. கையெழுத்திட்டார். செப்டம்பர் 2-ல், அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, இன்னொரு சட்டம் வந்தது. ஸ்டூடிபேக்கர் துயரம் இன்னொரு முறை நேரக்கூடாது என்று ஓய்வூதிய நிதிகளுக்குக் கடிவாளம் போட்ட சட்டம் அது. அதற்குள் ஒரு சிறு ஏற்பாடும் இருந்தது: நிறுவன ஓய்வூதியம் இல்லாத ஊழியர் தானே ஒரு கணக்குத் தொடங்கி, ஆண்டுக்கு 1,500 டாலர் வரை வரிச் சலுகையோடு சேமிக்கலாம். ஐ.ஆர்.ஏ. எனப்படும் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு அப்படித்தான் பிறந்தது. தங்கத்தின் விடுதலைக்கும் இந்தக் கணக்கின் பிறப்புக்கும் இடையே பத்தொன்பது நாட்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவைத்தது விலைவாசி.

1974-ன் கடைசி நாளில் தங்கத்தின் மீதான தடை விலகியபோது எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. விலை சரிந்து, 1976 ஆகஸ்டில் அவுன்சுக்கு நூறு டாலரை ஒட்டி வந்து நின்றது. பிறகு பணவீக்கம் வேகம் எடுத்தது. டாலர் கரையக் கரையத் தங்கம் ஏறியது. 1980 ஜனவரி 21-ல் அது 850 டாலரைத் தொட்டது. ஓய்வூதியக் கணக்கில் என்னென்ன வாங்கலாம் என்பதில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதாகக் கட்டுப்பாடு வைக்கவில்லை. தங்கக் காசும் தபால்தலையும் ஓவியமும் முதுமைக் கால முதலீட்டின் பட்டியலில் நுழைந்தன. நாடாளுமன்றம் புருவத்தை உயர்த்தியது.

1981 ஆகஸ்டில் ரொனால்டு ரேகன் கையெழுத்திட்ட வரிச் சட்டம் ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது. எல்லா ஊழியர்களும் ஐ.ஆர்.ஏ. தொடங்கலாம், ஆண்டுக்கு 2,000 டாலர் வரை போடலாம் என்றது. அதே சட்டம், சேகரிப்புப் பொருள் வாங்கினால் அந்தப் பணம் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்பட்டதாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும் என்றும் சொன்னது. கலைப்பொருள், கம்பளம், தொல்பொருள், உலோகம், ரத்தினம், தபால்தலை, காசு, மது என்று நீண்டது பட்டியல். இவை உற்பத்திக்கு உதவாத முதலீடுகள் என்பது சட்டமியற்றியவர்களின் வாதம். கம்பளத்துக்கும் மதுவுக்கும் நடுவில் தங்கமும் மாட்டிக்கொண்டது. ஓய்வூதியத்தில் தங்கத்தின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முடிக்கவிடாமல் செய்தது தென்னாப்பிரிக்கா.

அந்நாளில் அமெரிக்கர்கள் வாங்கிக் குவித்த தங்கக் காசு தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட். நிறவெறி அரசுக்கு எதிரான போராட்டம் உலகெங்கும் வலுத்தபோது, 1985 அக்டோபரில் அமெரிக்கா அந்தக் காசின் இறக்குமதியைத் தடை செய்தது. காலியான இடத்தில் உள்நாட்டுக் காசு ஒன்று வேண்டும் என்று டிசம்பரிலேயே சட்டம் வந்தது. உள்நாட்டுச் சுரங்கத்தில் புதிதாக வெட்டிய தங்கத்தில்தான் அதை அடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1986 அக்டோபர் 20-ல் அமெரிக்கன் ஈகிள் விற்பனைக்கு வந்தது. இரண்டே நாளில், அக்டோபர் 22-ல், ரேகன் மாபெரும் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒரு மூலையில் ஒரு விதிவிலக்கு இருந்தது: ஈகிள் தங்கக் காசும் வெள்ளிக் காசும் ஓய்வூதியக் கணக்கில் இருக்கலாம். நிறவெறிக்கு எதிரான தடை ஒன்று, சுற்றி வளைத்து, அமெரிக்க முதியவரின் சேமிப்புக்குள் தங்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. முழுதும் திறக்க இன்னும் பதினோரு ஆண்டுகள்.

1997-ல் தங்கத்துக்குப் போதாத காலம். ஜூலையில் ஆஸ்திரேலிய மத்திய வங்கி தன் கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கை, 167 டன்னை, விற்றுவிட்டதாக அறிவித்தது. விலை சரிந்தது. இந்தச் சரிவுக்கு நடுவே, ஆகஸ்ட் 5-ல், பில் கிளின்டன் கையெழுத்திட்ட வரிச் சட்டம் கதவை அகலத் திறந்தது. காசு மட்டும் அல்ல, கட்டியும் வைக்கலாம். தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் நான்குக்கும் இடம் உண்டு. முன்பேர வணிகச் சந்தை ஏற்கும் தூய்மை இருந்தால் போதும். தங்கத்துக்கு அது ஆயிரத்தில் 995 பங்கு. ஆனால் வாக்கியத்தின் வாலில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது: அந்தக் கட்டி, கணக்கின் பொறுப்பாளர் வசம் நேரடியாக இருக்க வேண்டும். சில சொற்கள்தான். ஒரு தொழிலையே உருவாக்கும் பலம் அவற்றுக்கு இருந்தது.

பொறுப்பாளர் என்றால் வங்கி, அல்லது வரித் துறை ஏற்றுக்கொண்ட நிறுவனம். அந்த நிறுவனங்களிடம் கணினியும் கோப்பும் இருந்தன. எஃகுக் கதவு இல்லை. பங்குப் பத்திரம் என்றால் கணக்கேட்டில் ஒரு வரி போதும். தங்கக் கட்டிக்கு எடையும் நிழலும் உண்டு, திருடனும் உண்டு. எனவே பொறுப்பாளர்கள், உலோகத்தை வைத்துக் காப்பதையே தொழிலாகக் கொண்ட பெட்டக நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். விற்பனை வரியே இல்லாத டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரம் இந்தத் தொழிலுக்குத் தாயகமாயிற்று. வாங்கித் தருவது வியாபாரி, கணக்கு வைப்பது பொறுப்பாளர், பொருளைக் காப்பது பெட்டகம். மூவரும் மூன்று கூலி கேட்டார்கள். அந்த மூன்றாவது கூலிதான் இன்று அமெரிக்க ஓய்வூதியர் பலரின் தங்கக் கணக்கு அறிக்கையில், தொகைகளுக்கு நடுவே ஒரு வரியாகப் பதுங்கி நிற்கும் காப்பகக் கட்டணம்.

ஆம்ஸ்டர்டாமின் அரை சதவீதம் இப்படித்தான் வில்மிங்டனில் மறுபிறவி எடுத்தது. புதிய ஊரில் அது இரண்டு உருவம் கொண்டது. சில நிறுவனங்கள் ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று நிலையான தொகை வைத்தன. சில, உலோகத்தின் மதிப்பில் சதவீதம் கேட்டன. மேலோட்டமாக இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. 10,000 டாலர் வைத்திருந்தவருக்கு ஆண்டுக்கு 100 டாலர் நிலைக் கட்டணம் என்றால் அது ஒரு சதவீதம்; 1,00,000 டாலர் வைத்திருந்தவருக்கோ அதே நூறு டாலர் பத்தில் ஒரு சதவீதம்தான். அரை சதவீதக் கணக்கில் முதலாமவருக்கு 50 டாலர், இரண்டாமவருக்கு 500. இருவரும் சமமாகும் புள்ளி 20,000 டாலர். அதற்குக் கீழே நிலைக் கட்டணம் ஏழையைக் கடித்தது. அதற்கு மேலே சதவீதம் பணக்காரரைக் கடித்தது. தங்கம் விலை ஏறிய ஆண்டுகளில், சதவீதக் கூலி பெட்டகத்தில் எதுவும் மாறாமலே வளர்ந்தது.

அடுத்த பிரிவு, பொருள் எப்படி வைக்கப்படுகிறது என்பதில் வந்தது. பொது வைப்பில் பலருடைய ஒரே வகைக் கட்டிகள் ஒன்றாகக் கிடந்தன. மீட்கும்போது அதே எடை, அதே தூய்மை கிடைக்கும், அதே கட்டி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தனி வைப்பில் அவரவர் பொருள் அவரவர் பெயரில் தனியே அடுக்கப்பட்டது. நெல்லைப் பொதுக் குதிரில் கொட்டுவதற்கும் மூட்டை கட்டிப் பெயர் எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மூட்டைக்குக் கூலி அதிகம். வெள்ளி சேர்த்தவர்களுக்கு இன்னொரு சோதனையும் காத்திருந்தது. தங்கத்தின் அடர்த்தி வெள்ளியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தங்கத்தின் விலை வெள்ளியைப் போல் 80 மடங்கு இருக்கும் நாளில், ஒரே மதிப்புக்கு வெள்ளி ஏறத்தாழ 150 மடங்கு இடத்தை அடைத்தது. ஸ்மித் காலத்தில் தங்கத்துக்குத்தான் கூலி அதிகம். வெள்ளிக்கு இடம் தேடவேண்டி வந்த நம் காலத்தில் கணக்கு தலைகீழாகத் திரும்பியது. தங்கம் வட்டி தருவதில்லை, ஈவுத்தொகை தருவதில்லை. கணக்கில் ரொக்கம் இல்லாதவர்கள் கைப்பணம் போட்டுக் கூலி கட்டினார்கள், அல்லது கூலிக்காகவே கொஞ்சம் உலோகத்தை விற்றார்கள். கூலியே கொடுக்காமல் தப்பிக்க வழி உண்டா என்று சிலர் யோசித்ததில் வியப்பில்லை. ஒரு வழி கண்ணில் பட்டது, அதுவும் இலக்கணத்தில்.

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வாலை மீண்டும் படித்தவர்கள் துள்ளினார்கள். பொறுப்பாளர் வசம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டியைத்தானே குறிக்கிறது? காசைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லையே? அப்படியானால் ஈகிள் காசுகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே! ஓய்வூதியக் கணக்கின் பணத்தில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கு, அந்த நிறுவனத்தின் பெயரில் காசு வாங்கு, வீட்டு அலமாரியில் பூட்டு என்று விளம்பரங்கள் வந்தன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு தம்பதி இந்த வழியை நம்பினார்கள். மனைவியின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பிறந்த ஈகிள் காசுகள் அவர்கள் வீட்டுப் பெட்டகத்தில் உறங்கின. காப்பகக் கட்டணம் ஒரு காசு இல்லை. ஆனால் வரித் துறையின் கடிதம் வந்தது.

வழக்கு அமெரிக்க வரி நீதிமன்றத்துக்குப் போனது. 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் வாக்கியத்தின் வாலோடு நிற்கவில்லை. ஓய்வூதியக் கணக்கு என்பதன் வேரைத் தேடிப் போனது. தன் காசைத் தானே, எந்தத் தடையும் இல்லாமல், வேறு யார் மேற்பார்வையும் இல்லாமல் ஆளும் நிலையில் ஒருவர் இருந்தால் அது சேமிப்பு அல்ல, எடுத்துக்கொண்ட பணம் என்றது. வெளியார் ஒருவரின் கண்காணிப்பு இந்தக் கணக்கின் உயிர்நாடி என்றது. வீட்டுக்கு வந்த காசுகளின் மதிப்பு முழுதும் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளானது. ஆண்டுக்குச் சில நூறு டாலரை மிச்சம் பிடிக்கப் போன பாதை, கணக்கின் வரிச் சலுகையையே விழுங்கியது.

அந்தத் தீர்ப்போடு இந்தக் கூலியின் பொருளும் தெளிவாயிற்று. வெறும் இடத்துக்கான வாடகை என்றால் வீட்டு அலமாரி போதுமானதாக இருந்திருக்கும். உரிமையாளர் கைக்கும் பொருளுக்கும் நடுவே இன்னொருவர் நிற்பதற்கான விலை அது. ஸ்டூடிபேக்கரில் முதலாளி தன் வாக்குக்கு ஈடான பணத்தை நிதியில் சேர்க்காததால் தொழிலாளரின் ஓய்வூதியம் குறைந்தது. ரோட் ஐலண்டில் காசு உரிமையாளர் கையிலேயே இருந்ததால் சலுகையை இழந்தது. அந்த இன்னொருவரையும் எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி. அங்கே எண்ணியவர்கள் நகரத் தலைவர்கள், வங்கியும் நகரத்துக்கே சொந்தம். அதனால்தான் இன்றைய பெட்டக நிறுவனத்தை எடைபோடத் தெரிந்தவர்கள் கட்டணத் தொகைக்கு முன்பே வேறு மூன்றைத் தேடுகிறார்கள்: வெளித் தணிக்கை, காப்பீடு, தனி வைப்பு என்றால் கட்டியின் வரிசை எண். 1672-ல் ஆம்ஸ்டர்டாம் வணிகருக்குக் கருகிய காசு சொன்ன சேதியை, அந்த வரிசை எண்தான் இன்றைய ஓய்வூதியருக்குச் சொல்கிறது: வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது.